மூர்ச்சையும் தாங்கிய கையும்: காவிரி நாட்டு இலக்கியத்தில் நினைவிழப்பு

மூர்ச்சை என்பது மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது நேரம் குறைவதால் நினைவு தப்பி உடல் சாய்வது. அச்சம், அதிர்ச்சி, கடும் வலி, இரத்தத்தைக் காண்பது, வெயிலில் நெடுநேரம் நிற்பது ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். வேகஸ் என்னும் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு மந்தமாகிறது. கால்களில் உள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தம் கீழே தங்கிவிடுகிறது. விழுவதே இதற்கு மருந்தும் ஆகும். தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்தவுடன் மூளைக்கு இரத்தம் திரும்பிவிடும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் கண் திறந்துவிடும். முகத்தில் தண்ணீர் தெளிப்பதால் பெரிய பயன் இல்லை. தெளிப்பவருக்கு ஏதோ செய்தோம் என்ற ஆறுதல் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

தஞ்சை வட்டாரப் பேச்சில் இதற்குப் பெரிய சொல் எதுவும் வேண்டியதில்லை. நடவு வயலில் வேலை செய்கிற பெண் ‘கண்ணை இருட்டிக்கிட்டு வருது’ என்று வரப்பில் உட்காருவாள். உட்காருவதற்குள் விழுந்துவிட்டால் ‘மயக்கம் போட்டு விழுந்துட்டா’ என்பார்கள். ஏட்டில் ஏறும்போதுதான் சொற்கள் பெருகுகின்றன. மயக்கம், சோர்வு, மாழ்கல், ஞஞ்ஞை என்பவை தமிழிலேயே உள்ளவை. மூர்ச்சை, மோகம், பிரக்ஞை தப்புதல் என்பவை வடமொழி வழி வந்தவை. மூர்ச்சை என்பதன் வேர்ச்சொல்லுக்கு உறைதல், பரவுதல் என்னும் பொருள்கள் உண்டு. இசையில் ஏழு சுரங்களின் ஏற்ற இறக்க ஒழுங்கைக் குறிக்கும் மூர்ச்சனையும், பாதரசத்தைக் கட்டும் வேலைக்கு இரசவாதிகள் வைத்த பெயரும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே.

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு பழஞ்சொல் உண்டு. ‘ஸ்வூன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் நினைவு தப்பியவரைக் குறித்த சொல்லின் வழிவந்தது. அதன் கடைசியில் ஓர் ஒலி ஒட்டிக்கொண்டு ‘ஸ்வௌண்ட்’ என்று ஒரு வடிவமும் பிறந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டும் புழங்கின. பின்னர் ஸ்வௌண்ட் வழக்கிறந்தது. 1798-இல் கோல்ரிட்ஜ் தம் முதிய மாலுமியின் கதைப்பாட்டில் பழமை மணம் ஏற்றுவதற்காகவே அதைத் தேடி எடுத்து வைத்தார். அன்றாடப் பேச்சில் ‘ஃபெயின்ட்’ என்ற சொல் இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஸ்வூன் காதலுக்கும் கவிதைக்கும் உரியதாக ஒதுங்கியது. சொல் ஒதுங்கியதற்கும், அந்த நிகழ்ச்சி ஆண்களிடமிருந்து விலகிப் பெண்களின் சொத்தாக ஆனதற்கும் தொடர்பு உண்டு. தமிழில், குறிப்பாகக் காவிரி நாட்டுப் படைப்புகளில், அந்த மாற்றம் மிகவும் பிந்தி நிகழ்ந்தது. நிகழ்ந்தபோதும் முழுமையாக நிகழவில்லை.

இலக்கணமும் அரங்கும்

தொல்காப்பியம் களவியலில் காதல் வளரும் படிகளாக ஒன்பதைச் சொல்கிறது. வேட்கையில் தொடங்கும் அந்த வரிசையில் எட்டாவது மயக்கம், ஒன்பதாவது சாக்காடு. வடமொழிக் காவிய மரபு காதலின் நிலைகளைப் பத்தாக எண்ணுகிறது; அங்கும் இறப்புக்கு முந்தைய படி மூர்ச்சைதான். மயக்கம் சாவுக்கு அடுத்த வீடு என்னும் எண்ணம் இரு மரபுக்கும் பொது. இன்னொரு பொதுமையும் உண்டு: இரண்டிலும் மயக்கம் ஒரு பாலுக்கு மட்டும் உரியது அன்று.

ஆடலுக்கு வரும்போது கணக்கு நுட்பமாகிறது. பரதரின் நாட்டிய சாத்திரம் தானே மெய்யில் தோன்றும் எட்டுக் குறிகளைக் கூறி, எட்டாவதாக நினைவிழப்பைப் பிரளயம் என்ற பெயரில் வைக்கிறது. உலகம் அழிவதற்கும் ஒருவர் மயங்கி விழுவதற்கும் ஒரே பெயர். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், புகாரில் மாதவி அரங்கேறும் காதைக்கு விளக்கம் சொல்லும் இடத்தில் இருபத்துநான்கு வகை அவிநயங்களைத் தருகிறார். அந்தப் பட்டியலில் உறங்கினோன் ஒருவன், செத்தோன் ஒருவன், நஞ்சுண்டோன் ஒருவன், தெய்வமுற்றோன் ஒருவன், ஞஞ்ஞையுற்றோன் ஒருவன். ஞஞ்ஞை என்பது மயக்கம். கண் மூடிக் கிடப்பதோ நிலை தடுமாறுவதோ இவர்கள் எல்லாருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் பார்ப்பவனுக்கு இன்னது என்று ஐயமின்றித் தெரியும்படி ஆடுவோர் வேறுபடுத்திக் காட்ட வேண்டும். பழந்தமிழ் அரங்கு எவ்வளவு கூர்மையான கண்களை நம்பி இயங்கியது என்பதற்கு இந்த ஐவரே சான்று.

இந்தப் பட்டியல் இன்று கையில் இருப்பதற்குக் காவிரிக் கரைக்காரர் ஒருவரே காரணம். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலத்தில், 1892-இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்தார்.

அதே சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் இரண்டு வீழ்ச்சிகள் உண்டு. கணவன் கொலையுண்ட செய்தி கேட்டுக் கண்ணகி பொங்கி எழுந்து, நிலத்தில் விழுந்து, அழுது மாழ்குகிறாள். பின்னர் வழக்குரைத்த அவையில், தன் தீர்ப்பு பிழை என்று உணர்ந்த பாண்டியன் அரியணையிலிருந்து மயங்கி விழுகிறான். கண்ணகி எழுந்துவிடுகிறாள், பாண்டியன் எழுவதில்லை. பூம்புகாரிலிருந்து வந்த வணிகர் குலப் பெண்ணின் மயக்கம் அவளை வழக்குக்குக் கொண்டுசெல்கிறது; அரசனின் மயக்கமே அவனுக்குத் தண்டனை ஆகிவிடுகிறது. விழுந்தவனைத் தாங்க அங்கே எவரும் இல்லை. கோப்பெருந்தேவியும் அவன் அடியைத் தொழுது தானும் உயிர் விடுகிறாளே ஒழிய அவனை எழுப்பப் பார்க்கவில்லை. மூர்ச்சையா, சாவா என்ற கேள்விக்கே காவிய ஆசிரியர் இளங்கோ இடம் வைக்கவில்லை.

கம்பனின் கணக்கு

அந்தக் கேள்வியைத் திறந்து வைத்து, அதில் நெடுநேரம் நின்றவன் தேரழுந்தூர்க் கம்பன். கம்பராமாயணத்தில் மூர்ச்சை எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுவதைவிட, அது யாருக்கு வருகிறது என்று கேட்பதே பயன் தரும். தயரதனுக்கு வருகிறது, கோசலைக்கு வருகிறது, பரதனுக்கு வருகிறது, சீதைக்கு வருகிறது. எல்லாரையும்விடக் காவியத்தில் தெளிவாகத் தெரியும்படி மீண்டும் மீண்டும் மயங்கி விழுபவன் இராமன்.

தயரதனின் மயக்கங்கள் ஒத்திகைகள். கைகேயி வரம் கேட்ட இரவில் அவன் விழுகிறான், எழுகிறான், நிற்கிறான், மீண்டும் விழுகிறான். பின்னர்ச் சுமந்திரன் தேருடன் தனியே திரும்பி வந்து, இராமன் கானகம் போய்விட்டான் என்று சொன்ன அந்தச் சொல்லோடு அவன் உயிர் போகிறது. இத்தனை முறை விழுந்து எழுந்தவனைக் கண்டு பழகிய அரண்மனை, கடைசி வீழ்ச்சியையும் மயக்கம் என்றே எடுத்துக்கொள்ள இடம் உண்டு. சாவை இப்படிப் படிப்படியாகப் பழக்கிக் கொண்டுவருவது கம்பனின் நாடக அறிவு.

இராமனின் மயக்கங்கள் வேறு வகை. சடாயுவின் நிலை கண்டு அவன் விழுந்தபோது ஒரு நாழிகை மூச்சின்றிக் கிடந்ததாகக் கம்பன் சொல்கிறான். ஒரு நாழிகை என்பது இருபத்துநான்கு நிமிடம். எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ளாத கால அளவு. இளையவன் இலக்குவன் ஐயுற்று நீர் தெளித்த பிறகே அவன் கண் திறக்கிறான். கிட்கிந்தையில் சுக்கிரீவன் சீதையின் அணிகலன்களைக் காட்டும்போது இராமன் உருகிச் சோர்கிறான்; உணர்வும் உயிர்ப்பும் நெடும்பொழுது நீங்கியவனைச் சுக்கிரீவன் தாங்கிப் பிடித்து ஆறுதல் சொல்கிறான். போர்க்களத்தில் பிரமாத்திரத்தால் இலக்குவன் சாய்ந்தது கண்டு இராமனும் சாய்கிறான். வீடணன் வந்து பார்த்து, அவன் உடலில் காயம் இல்லை, துயரத்தால் நேர்ந்த மயக்கமே இது என்று தெளிகிறான். இந்திரசித்து மாயசீதையை வெட்டிய செய்தி வந்தபோதும் இராமன் நிலை குலைகிறான்; அப்போதும் வீடணனே வண்டு வடிவில் அசோகவனம் போய், சீதை உயிருடன் இருப்பதைக் கண்டு வருகிறான்.

இந்த நான்கு இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். தாங்கியவர்கள் இலக்குவன், சுக்கிரீவன், வீடணன். இலக்குவன் உடன்பிறந்தவன். மற்ற இருவரும் இராமன் தானே தம்பியர் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்கள். குகனோடு ஐவர் ஆனவர்கள் சுக்கிரீவனால் அறுவர் ஆகி, வீடணனால் எழுவர் ஆனார்கள் என்பது கம்பனுக்கே உரிய கணக்கு. அந்தச் சொந்தம் சொல்லளவில் நின்றுவிடாமல் செயலில் உறுதியாவது நாயகன் மயங்கிக் கிடக்கும் நேரத்தில்தான். நினைவோடு இருக்கும் இராமனுக்கு இவர்கள் துணைவர். நினைவின்றிக் கிடக்கும் இராமனுக்கு இவர்கள் உறவினர். மூர்ச்சை கம்பனிடம் உணர்ச்சியின் உச்சம் என்பதோடு நிற்பதில்லை. கதையின் நடுவிலிருந்து நாயகனைச் சற்று விலக்கி, பக்கத்தில் நிற்பவனுக்கு வேலை கொடுக்கும் ஏற்பாடும் அதுதான். திருமாலின் அவதாரம் மயங்கலாமா என்னும் கேள்விக்கு உபந்யாசகர்கள் காலம் காலமாக விடை சொல்லி வந்திருக்கிறார்கள். மானுடம் ஏற்றவன் மானுடத்தை முழுதும் ஏற்றான் என்பது வழக்கமான விடை. காவிய அமைப்பின் பக்கமிருந்து பார்த்தால், அவன் மயங்காவிட்டால் தாங்குவோருக்கு இடமே இல்லை என்பதும் ஒரு விடை.

சீதைக்கு வாய்த்த துணை திரிசடை. புட்பக விமானத்தில் ஏற்றிப் போர்க்களத்தைக் காட்டியபோது, சாய்ந்து கிடக்கும் கணவனைக் கண்டு சீதை விழுகிறாள். நாடி பார்க்க வழியில்லாத உயரத்தில் திரிசடை ஒரு வாதம் வைக்கிறாள்: கணவனை இழந்தவளை இந்த விமானம் சுமக்காது, உன்னைச் சுமக்கிறது, ஆகவே அவன் உயிரோடு இருக்கிறான். மயக்கத்தையும் சாவையும் பிரித்தறிய ஊர்தியையே கருவியாக்கிய இந்த இடம், காவியத்தின் கெட்டிக்காரத்தனமான இடங்களில் ஒன்று.

கம்பனுக்குப் பின் இராமகதையைக் கீர்த்தனைகளாகப் பாடிய அருணாசலக் கவிராயர் (1711–1779) தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்தவர். இசைநாடகத்தில் மயங்கிக் கிடப்பவர் பாட முடியாது. எனவே பாட்டு தாங்குபவரிடமோ மயக்கம் தெளிந்தவரிடமோ போய்விடும். மெலட்டூர் பாகவத மேளாவில் ஆண்களே பெண் வேடம் கட்டி ஆடுவதால், மயங்கி விழும் நாயகியும் ஓர் ஆணே.

தாங்க முடியாத மயக்கம்

பக்தி மரபில் மயக்கம் நோயாகவும் வருகிறது, பேறாகவும் வருகிறது. நோயாக வந்த இடம் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருப்பாச்சிலாச்சிராமம், இன்றைய திருவாசி. கொல்லிமழவன் என்னும் சிற்றரசனின் மகளுக்கு முயலகன் என்ற நோய். வலிப்பில் நினைவிழந்து கிடக்கும் அவளுக்கு மருத்துவம் எதுவும் பயன்படாமல், தகப்பன் அவளைக் கோயிலில் இறைவன் திருமுன் கிடத்திவிடுகிறான். அங்கே வந்த ஞானசம்பந்தர் பதிகம் பாட, பெண் நோய் நீங்கி எழுந்தாள் என்று சேக்கிழார் விவரிக்கிறார். தில்லைக்கூத்தன் காலடியில் கிடக்கும் குறளனுக்கும் முயலகன் என்றே பெயர். நோய்க்கும் அவனுக்கும் ஒரே பெயர் வைத்ததால், ஆடல்வல்லான் திருவடியே அதற்கு மருந்து என்னும் எண்ணம் பெயரிலேயே அடங்கிவிடுகிறது. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரும் இதே எல்லையில் நிற்பவர். முடிசூட்ட முனைந்தபோது, கூட்டத்தின் நடுவே சீசர் வாயில் நுரை தள்ளி விழுந்ததாகக் காஸ்கா வந்து சொல்கிறார். கேட்பவர்கள் அதை விழுநோய் என்கிறார்கள். அங்கே அந்த வீழ்ச்சி பொதுமக்கள் முன்னிலையில் பலவீனத்தின் அடையாளம். இங்கே அது ஊர் முழுவதற்கும் அருளுக்கான வாய்ப்பு.

பேறாக வந்த மயக்கம் வைணவ உரைகளில் பெரிதாகப் பேசப்படுகிறது. கண்ணன் வெண்ணெய் களவாடி உரலில் கட்டுண்ட எளிமையை நினைத்த அளவில் நம்மாழ்வார் ஆறு மாதம் மோகித்துக் கிடந்தார் என்பது ஆசாரியர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. கம்பனின் நாழிகை இங்கே மாதமாகிவிடுகிறது. திருவாய்மொழிக்கு இருபத்துநாலாயிரப்படி வகுத்த பெரியவாச்சான் பிள்ளை கும்பகோணத்தை அடுத்த சேங்கனூரில் பிறந்தவர். நம்மாழ்வாரின் பாட்டு மறைந்து போன காலத்தில், குடந்தை ஆராவமுதனைப் பாடிய பதிகம் ஒன்றைக் கேட்டு, எஞ்சியவற்றைத் தேடிப் புறப்பட்டவர் காட்டுமன்னார்கோயில் நாதமுனிகள். ஆழ்வார் பிறந்தது பொருநைக் கரையில் என்றாலும் அவர் மோகித்துக் கிடந்ததன் பொருளை வளர்த்தெடுத்ததில் காவிரி நாட்டுக்கும் பங்கு உண்டு. இந்த மயக்கத்தில் எவரும் நீர் தெளிப்பதில்லை. தெளிவிப்பது நோக்கமே அன்று. சூழ இருந்தவர்கள் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டுமே.

உலாவும் குறவஞ்சியும்

சோழர் அவைக்களப் புலவர் ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர்மீதும் உலாப் பாடினார். அரசன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுபருவ மகளிரும் கண்டு காதல் கொள்வதே உலாவின் கதை. வளை கழலும், மேனி நிறம் மாறும், அறிவு சோரும். இந்த மயக்கம் அரசனின் அழகை அளக்கும் படிக்கல்லாகவே பயன்படுகிறது. மயங்கியவளின் பெயர்கூடத் தேவைப்படுவதில்லை, பருவம் போதும். புகழ்ச்சிக்காகப் பெண்ணை மயங்க வைக்கும் வழக்கம் தமிழில் ஆழ வேரூன்றிய இடம் இதுவே. ஒட்டக்கூத்தரின் சொல்லாற்றலை மதிப்பவர்களும் ஏழு பருவத்தையும் ஒரே மூச்சில் படித்தால் சலிப்படைவார்கள்.

அந்த மரபின் பிற்கால வாரிசு குறவஞ்சி. இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) மீது கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பட்டு வந்தது. பவனி கண்ட நாயகி சோர்ந்து விழ, தோழியர் சந்தனம் பூசி, பனிநீர் தெளித்து, விசிறி வீசுவார்கள். நிலவையும் தென்றலையும் அவள் பழிப்பாள். இந்தப் பணிவிடைக்குச் சைத்தியோபசாரம் என்று பெயர். காதல் வெப்பம் என்பதால் மருந்து குளிர்ச்சி. குளிர்ச்சி பலிக்காதபோதுதான் குறி சொல்லும் குறத்தி உள்ளே நுழைய வழி பிறக்கிறது. குறவஞ்சியின் உயிரே குறத்தி என்பதால், நாயகியின் மயக்கம் அவளுக்காகத் திறந்துவைத்த கதவு; கம்பனிடம் கண்ட அதே உத்தி இங்கே வேடிக்கைக்குப் பயன்படுகிறது. குறவஞ்சி ஆடவைத்த அதே சரபோஜியின் அரண்மனையில்தான் மருத்துவ ஆய்வுக்கென்று தன்வந்திரி மகால் இயங்கியது. நோய் தீர்க்கும் முறைகள் அங்கே பாட்டில் தொகுக்கப்பட்டன. அரங்கில் சந்தனமும் மருந்தறையில் சூரணமுமாக ஒரே அவை மயக்கத்தை இரண்டு விதமாகக் கையாண்டது.

நாவல் கொண்டுவந்த மாற்றம்

ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் ஆண்கள் தாராளமாக மயங்கினார்கள். தாந்தே நரகத்தின் இரண்டாம் வட்டத்தில் பிரான்செஸ்காவின் காதல் கதையைக் கேட்டுப் பிணம் போல விழுகிறார். பெண்களுக்கே உரியதாக அதை ஒதுக்கிய பெருமையில் பெரும்பங்கு பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாவலைச் சேரும். 1740-இல் வெளிவந்த ரிச்சர்ட்சனின் ‘பமீலா’வில், முதலாளியின் பிடியில் சிக்கும் பணிப்பெண் நெருக்கடியில் மயங்கி விழுகிறாள், அந்த மயக்கமே அவள் கற்புக்குக் காவலாகிறது. மயங்காதவள் நல்லவள் அல்லள் என்று எண்ணும் அளவுக்கு இது பெருகியபோது, பதினான்கு வயதிலேயே ஜேன் ஆஸ்டின் அதைக் கேலி செய்தார். 1790-இல் அவர் எழுதிய ‘காதலும் நட்பும்’ என்னும் சிறு படைப்பில் இரண்டு தோழிகள் தொட்டதற்கெல்லாம் மயங்குகிறார்கள்; அவர்களில் ஒருத்தி ஈரத் தரையில் மயங்கிக் கிடந்ததால் சளி பிடித்துச் செத்தே போகிறாள். சாகும்போது மற்றவளுக்கு, பைத்தியம் பிடித்தாலும் பிடிக்கட்டும், மயங்கி மட்டும் விழாதே என்று அறிவுரை சொல்கிறாள்.

இந்த ஆங்கில இலக்கியம் காவிரி நாட்டுக்கு வந்த வழிகளில் முதன்மையானது கும்பகோணம் அரசுக் கல்லூரி. 1854-இல் பள்ளியாகத் தொடங்கித் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் எடுத்த இடம் அது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை வெளியிட்டபோது ஆங்கில நாவலின் வடிவத்தை எடுத்துக்கொண்டார், அதன் மயங்கும் நாயகியை எடுத்துக்கொள்ளவில்லை. ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆள்கிறாள். ஷேக்ஸ்பியரின் ரோசலிண்டும் ஆண் வேடக்காரியே. ஆனால் காதலனின் இரத்தம் தோய்ந்த கைக்குட்டையைக் கண்டதும் மயங்கி விழுந்து, அது நடிப்பு என்று சமாளிக்க நேர்கிறது. ஞானாம்பாளின் வேடத்தை மயக்கம் காட்டிக்கொடுக்கவில்லை. முன்சீப்பின் நாயகி தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தாள். அங்கே மயங்க நேரமில்லை.

மயங்கும் நாயகி உண்மையில் வந்து சேர்ந்தது ஒரு தலைமுறை கழித்து, துப்பறியும் நாவல்களோடு. மன்னார்குடிப் பக்கத்து வடுவூரைச் சேர்ந்த துரைசாமி ஐயங்கார் (1880–1942) ரெய்னால்ட்ஸ் போன்றோரின் ஆங்கிலக் கதைகளைத் தமிழ் மண்ணில் ஊன்றியவர். அவருடைய ‘மேனகா’வில் தஞ்சாவூர் டிப்டி கலெக்டரின் மகள் புகுந்த வீட்டாரின் சூழ்ச்சியால் வேறொருவர் மாளிகையில் கொண்டுபோய் விடப்படுகிறாள். 1935-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் நடிப்பில் படமாகவும் வந்த கதை இது. இவ்வகை நாவல்களில் மூர்ச்சை அத்தியாயத்தை முடிக்க உதவும் கருவி. விழுந்தவள் கண் விழிக்கும்போது அறை புதிது, முகம் புதிது. நாழிகைக் கணக்கில் பக்கத்தில் நின்ற தம்பியும் தோழியும் இங்கே இல்லை. மயக்கம் என்பது ஆபத்து நுழையும் சந்தாகிவிடுகிறது. அச்சில் வெகுமக்கள் வாசித்த தமிழில் மூர்ச்சை தனிமைப்பட்டது இப்போதுதான். திரைப்படம் இதைத் தன் வழியில் எடுத்துக்கொண்டு, மருமகள் தலை சுற்றி விழுந்தால் மருத்துவர் நாடி பிடித்து நல்ல செய்தி சொல்வார் என்று ஒரே பொருளில் அதை முடக்கிவிட்டது தனிக் கதை.

மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி (1899–1954) இரண்டு மரபையும் அறிந்தவர். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் கொடும்பாளூர் வானதி அடிக்கடி மூர்ச்சையாகும் பெண். இலங்கைப் போருக்குப் புறப்படும் அருள்மொழிவர்மனுக்குப் பழையாறை அரண்மனையில் பெண்கள் தீபத் தட்டு ஏந்தி வழியனுப்பும்போது அவள் கைத்தட்டு விழுந்து ஒலிக்க, அவளும் விழுகிறாள். உலா மகளிரின் மயக்கத்தையும் ஆங்கில நாவலின் மெல்லியலாளையும் கல்கி இங்கே ஒன்றாக்கிவிட்டார் என்று தோன்றும். ஆனால் பக்கத்தில் அருள்மொழியின் தமக்கை குந்தவை இருக்கிறாள். வானதியின் மயக்கம் உண்மைதானா என்று மற்றப் பெண்கள் கிசுகிசுப்பதும், குந்தவை அவளைக் கடிந்துகொண்டே காப்பதும், குடந்தைச் சோதிடரிடம் அழைத்துப் போவதும், அந்த மயக்கத்தையே தன் தம்பியின் திருமணத்துக்கு வழியாக்கப் பார்ப்பதும் கதையின் அரசியலோடு பின்னிப் போகின்றன. தாங்குபவள் அரசியல் தெரிந்தவள் என்பதால் மூர்ச்சை அரசியலாகிறது. பின்பகுதிகளில் வானதி வீரம் பேசும் பெண்ணாக வளர்வதைக் காட்டிக் கல்கி அவளை அந்தப் பட்டத்திலிருந்து விடுவித்தும் விடுகிறார்.

கல்கி வாசகர்களைக் கவர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே ஊர்களிலிருந்து வந்த ‘மணிக்கொடி’ இதழின் எழுத்தாளர்கள் மூர்ச்சையைக் கைவிட்டார்கள். செம்மங்குடியில் பிறந்த மௌனி (1907–1985) நினைவின் விளிம்பையே கதைக்களமாக்கினார். ‘பிரபஞ்ச கான’த்தில் இதய நோயால் பாடக் கூடாது என்று தடுக்கப்பட்ட பெண் பாடிவிட்டு இறக்கிறாள், நடுவில் மயங்கித் தெளியும் படி எதுவும் இல்லை. கும்பகோணம் கு.ப. ராஜகோபாலன் (1902–1944) எழுதிய ‘விடியுமா?’ இன்னும் தெளிவான சான்று. சென்னை மருத்துவமனையில் கணவன் அபாய நிலையில் இருப்பதாகத் தந்தி வருகிறது. வெகுஜன நாவலில் தந்தியைப் பிரித்த கையோடு பெண் விழுந்திருப்பாள். இங்கே அக்காளும் தம்பியும் இரவு ரயிலில் ஏறுகிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் நம்பிக்கை சிறிது ஏறுகிறது, இறங்குகிறது. ஒருவரை ஒருவர் தேற்றுவதற்காகப் பொய்யான தைரியம் பேசிக்கொள்கிறார்கள். பழைய காவியம் மூர்ச்சைக்குள் அடைத்து வைத்த நேரம் முழுவதையும் கு.ப.ரா. விழித்திருக்கும் இருவரிடம் கொடுத்துவிட்டார். சாவா, உயிரா என்ற ஐயம் ஒரு நாழிகைக்குப் பதில் ஓர் இரவு முழுக்க நீண்டு, விடிந்து எழும்பூரை அடைந்த பிறகே தீர்கிறது.